பனிக்கு முன் சொன்னது

அந்த ஆண்டு முதல் பனி பத்தாம் மாதம் பதினான்காம் தேதி காலையில் விழுந்தது. நான் மாட்டுக்கொட்டகையில் இருந்தேன். கூரை விளிம்புக்கு அப்பால் வெள்ளையாக ஏதோ இறங்குவதைப் பார்த்ததும் தவிட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டேன்.

அன்று இருட்டும்வரை யாரிடமிருந்தும் எதையும் வாங்கக்கூடாது.

முதல் பனியை ஒரு பெட்டியில் அடைத்து, மருந்து என்றோ தேன் என்றோ சொல்லி, ஆள் மூலம் அனுப்புவார்கள். தெரியாமல் வாங்கிவிட்டால் வாங்கியவன் தோற்றான். கொண்டுவந்த ஆளை மடக்கிவிட்டால் அனுப்பியவன் தோற்றான். மற்ற ஊர்களில் தோற்றவன் விருந்து வைப்பான். எங்கள் பள்ளத்தாக்கில் வென்றவன் ஒன்று கேட்பான், தோற்றவன் மறுக்கக்கூடாது. அன்றைக்குச் சொன்ன பொய்க்கும் தண்டனை இல்லை. அரசரிடம் சொன்னதாக இருந்தாலும் இல்லை.

என் எதிராளி எங்கள் வீட்டின் பக்க அறையில் இருந்தார். க்வாக் ஐயா. தலைநகரில் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டதற்காக எங்கள் மலைக்குத் தண்டனையாக அனுப்பப்பட்டவர். அரசு அலுவலகமான கச்சேரியில் அவரை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். அவருக்குச் சோறு போட வேண்டும். ஊர் எல்லையில் இருக்கும் கற்குவியலைத் தாண்டவிடக் கூடாது. ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் கச்சேரிக்கு அழைத்துப் போய் ஆளைக் காட்ட வேண்டும். அவர் ஓடிப்போனால் எனக்கு அறுபது பிரம்படி. நிலமும் போகும்.

நான்கு ஆண்டுகளில் நான் அந்த அறுபதை நினைத்ததே இல்லை.

அவர் வந்த முதல் ஆண்டே ஆட்டம் தொடங்கிவிட்டது. அவர்தான் கூப்பிட்டார். "குளிர்காலம் நீளமா இருக்கு சில்போங். விளையாடலாமா?" என்றார். மேல்குடியில் பிறந்த மனிதர் என் போன்ற ஒருவனிடம் கேட்கிற கேள்வி இல்லை அது. அந்த ஆண்டு சாராயக்கடை சாம்வோல் அக்கா ஒரு மருந்துப் பெட்டியோடு வந்தாள். வாசலிலேயே பிடித்துவிட்டேன். ஒரு குடம் அரிசிக் கள் கேட்டேன். வாங்கித் தந்தார். இரண்டாம் ஆண்டும் பிடித்தேன். ஒரு நாள் முழுக்க என்னோடு உட்கார்ந்து வைக்கோல் கயிறு திரிக்கச் சொன்னேன். திரித்தார். உள்ளங்கை கொப்பளித்தது. ஊரே வேலியோரம் நின்று பார்த்தது. மூன்றாம் ஆண்டு, மேல்குடியினர் மட்டுமே போடும் அவருடைய குதிரைமயிர்த் தொப்பியைக் கேட்டேன், ஒரு நாளைக்கு. அதைப் போட்டுக்கொண்டு கிணற்றடிவரை நடந்தேன். பெண்கள் குடத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அவரும் பின்னாலேயே வந்தார், வெறும் கொண்டையோடு, எனக்கு வழிவிடச் சொல்லிக் கூவிக்கொண்டு.

சொன்னால் சொன்னபடி செய்கிற மனிதர் என்று ஊரில் பேர் வந்தது.

நான்காம் ஆண்டுப் பனி நன்றாகவே விழுந்தது. நான் மாட்டின் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுக்காரர் கடன் வாங்கிய அரிவாளைத் திருப்பித் தர வந்தார். சுவரில் மாட்டிவிட்டுப் போகச் சொன்னேன். பிறகு என் மனைவி வந்தாள். கையில் மூடிபோட்ட கிண்ணம், அதைச் சுற்றித் துணி.

"ஏங்க, கஞ்சித்தண்ணி. ஆறிடும்."

"அங்க வை."

"கையில வாங்கினா கை தேஞ்சிடுமா?"

"இன்னைக்கு யாரு குடுத்தாலும் வாங்கமாட்டேன்."

"யாரு குடுத்தாலுமா? பதினெட்டு வருஷமா வடிச்சுக் கொட்டுறேன், நானும் யாரோவா? சரி விடுங்க. மாடாவது குடிக்கட்டும்."

அவள் மாட்டுத் தொட்டிப் பக்கம் திரும்பினாள். நான் கை நீட்டி வாங்கிவிட்டேன்.

மூடியைத் திறந்தேன். வெள்ளை.

கொட்டகைக் கதவுக்குப் பின்னாலிருந்து க்வாக் ஐயா வெளியே வந்தார். தோள் குலுங்கச் சிரித்தார். என் மனைவி சட்டைக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வீட்டுக்குள்ளயே ஆள் பிடிச்சுட்டீங்களே ஐயா."

"வெளியில பிடிச்சா உன்கிட்ட நடக்கலையே. மூணு வருஷமாப் பார்த்துட்டேன்."

"சரி, கேளுங்க. என்ன வேணும்? மாட்டை மட்டும் கேட்டுடாதீங்க."

அவர் சிரிப்பை நிறுத்தினார். பனியில் கொஞ்ச நேரம் நின்றார். தோளில் விழுந்ததைத் தட்டவில்லை.

"கணவாய் வரைக்கும் போயிட்டு வரணும், சில்போங்."

கணவாய், எல்லைக்கு அப்பால். நடந்தால் ஒரு வேளைப் பொழுது. அங்கிருந்து பார்த்தால் தலைநகருக்குப் போகும் பாதை தெரியும்.

எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

ஒன்பதாம் மாதம், முள்ளங்கி பிடுங்கிய அன்று, ஊசி விற்பவன் ஒருவன் அவருக்கு ஒரு கடிதம் கொண்டுவந்தான். கச்சேரிக்குத் தெரியாமல் கடிதம் வாங்கக்கூடாது. நான் முதுகைத் திருப்பிக்கொண்டேன். அப்படித்தான் எப்போதும் செய்வேன். திரும்பிப் பார்த்தபோது அவர் முள்ளங்கிக் குவியலுக்கு நடுவில் மண்ணில் உட்கார்ந்திருந்தார்.

"அம்மா போயிட்டாங்க" என்றார்.

பிறகு அழுதார். பெரிய மனிதர்கள் அழுது நான் பார்த்ததில்லை. நம்மைப் போலவேதான் அழுதார், மூக்கு ஒழுக. என் மனைவி முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியை அன்றே அறுத்துப் படையல் வைத்தாள். அவளுடைய அம்மா மலைக்கு அந்தப் பக்கம் செத்தபோது எங்களுக்குச் செய்தி வந்து சேர இரண்டு மாதமானது. அதனால் அவளுக்கு இதில் ஒரு பிடிவாதம் இருந்தது.

"ஐயா, அம்மாவோடதுன்னு இங்க ஒண்ணும் இல்லையே. அந்தக் கடுதாசியையாவது குடுங்க. மேலே வெச்சுக் கும்பிடறேன்."

அவர் உடனே தரவில்லை. கடிதத்தையும் அவளையும் பார்த்தார். பிறகு மடித்துத் தந்தார்.

அரிசிப் பானைக்கு மேலே ஒரு பலகை இருக்கிறது. அங்கே வைத்தாள். தினம் விடியலில் ஒரு கிண்ணம் கிணற்றுத் தண்ணீர் வைத்து, இறந்தவர்களுக்குச் செய்வது போல இரண்டு முறை தரையில் விழுந்து கும்பிட்டாள். அவர் சில நாள் தன் அறை வாசலில் நின்று அதைப் பார்ப்பார்.

"போகட்டுங்க" என்றாள் என் மனைவி இப்போது, கொட்டகையில். "பெத்த தாய்க்கு அழக்கூட அந்த மனுஷனுக்கு இடமில்லையே. இதுக்குத்தான் கேட்கப்போறேன்னு காலையில சொன்னாரு. அதான் கிண்ணத்தைத் தூக்கிட்டு வந்தேன். என்னைத் திட்டணும்னா திட்டுங்க."

"நாளைக்குப் பதினஞ்சு" என்றேன்.

"நாளைக்குத்தானே" என்றார் அவர். "வீட்டைப் பார்த்து ரெண்டு தரம் விழுந்து கும்பிட்டுட்டு வந்துடுவேன். சாயங்காலம் நீ மாட்டுக்குத் தீனி வைக்கறப்போ இங்க நிப்பேன்."

ஆட்டத்தில் தோற்றவன் நான். அதோடு, அவர் மூன்று முறை தோற்று மூன்று முறையும் செய்தவர்.

என் பனிச்செருப்பைக் கொண்டுவந்தேன். கொடியை வளைத்துக் கட்டியது, இடது காலில் ஒரு முடிச்சு புடைத்திருக்கும். அவருக்கு அதைக் கட்டத் தெரியாது. நானே குனிந்து கட்டிவிட்டேன். என் மனைவி வறுத்த தினைமாவை ஒரு துணியில் முடிந்து கொடுத்தாள்.

"பத்திரம் ஐயா. கீழே பார்த்து நடங்க."

"வர்றேன் வீட்டம்மா."

சாயங்காலம் மாட்டுக்குத் தீனி வைத்தேன். அவர் வரவில்லை. பனி நின்றுவிட்டிருந்தது. என் மனைவி அவர் அறை சூடாக இருக்கட்டும் என்று தரைக்கு அடியில் இருக்கும் அடுப்பில் இரண்டு முறை விறகு போட்டாள். "கால் பிசகியிருக்கும். சாராயக்கடையில தங்கியிருப்பாரு" என்றாள்.  

விடிந்ததும் கிளம்பினேன்.

தடம் தெளிவாக இருந்தது. பிறகு பனி விழாததால் எல்லாம் அப்படியே கிடந்தது. இடது காலின் முடிச்சு ஒவ்வொரு அடியிலும் ஒரு சின்னக் குழி பதித்திருந்தது. எல்லையில் கற்குவியலின் உச்சியில் ஒரே ஒரு கல் மட்டும் பனியில்லாமல் கறுப்பாக இருந்தது. நீண்ட பயணம் போகிறவர்கள் அங்கே ஒரு கல் வைத்துவிட்டுப் போவார்கள். கணவாய்க்குப் போய் வருகிறவன் வைப்பதில்லை. அவருக்கு எங்கள் வழக்கம் தெரியாது, ஆசைக்கு வைத்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான்கு ஆண்டு இங்கே இருந்தவருக்குத் தெரியாதாம்.

கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. இடது பக்கம் மேலே ஏறிக் கணவாய்க்குப் போகும். வலது பக்கம் இறங்கி ஆற்றுக்கு, படகுத்துறைக்குப் போகும். பிரிகிற இடத்தில் நின்று தயங்கியவனின் தடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மிதிபட்டுக் குழம்பியிருக்கும். அங்கே குழப்பம் எதுவும் இல்லை. ஒரே சீரான அடிகள். வலது பக்கம் இறங்கிப் போயிருந்தன.

சாம்வோல் அக்காவின் சாராயக்கடை அந்த இடத்தில்தான். அவள் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"வா தம்பி. உன் தொப்பி எங்க? இன்னைக்கு நடந்து காட்டலையா?"

"அக்கா, க்வாக் ஐயா இந்தப் பக்கம் வந்தாரா?"

"வந்தாரே. நேத்து மதியத்துக்கு மேல. கணவாய்க்குப் போறாருன்னு ஊர்ல சொன்னாங்க, நான்தான் கத்தினேன், 'ஐயா, கணவாய் அந்தப் பக்கம்'னு. அவரு கையை மட்டும் தூக்கிக் காட்டிட்டுப் போயிட்டே இருந்தாரு."

"ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாரு. 'சில்போங் வந்து கேட்டா, இன்னைக்கு முதல் பனின்னு சொல்லு' அப்படின்னாரு. ஏதோ விளையாட்டுன்னு நினைச்சேன்." துடைப்பத்தை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். "விளையாட்டு இல்லையா?"

நான் அவளுடைய மர மேடையின் விளிம்பில் உட்கார்ந்தேன். முதல் பனி. அன்றைக்குச் சொன்ன பொய்க்குத் தண்டனை இல்லை. சாயங்காலம் வந்துவிடுவேன் என்று அவர் சொன்னது அன்றைக்குத்தான்.

அவள் ஒரு கிண்ணம் சூடான குழம்பு கொண்டுவந்து வைத்தாள். நான் தொடவில்லை.

"இந்த வருஷம் அவருதானே ஜெயிச்சாரு?" என்றாள். "கேள்விப்பட்டேன். எப்படியோ ஒரு தரமாவது ஜெயிக்க ஆசைப்பட்டாரு போல."

"மூணு தரம் முயற்சி பண்ணாரே. உன்னைத்தானே அனுப்பினாரு. நான் பிடிச்சுட்டேன்."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"நீ பிடிச்சியா?"

"பின்ன?"

"அட மண்டு. மருந்துப் பெட்டியோட உங்க வேலியைச் சுத்தி ரெண்டு தரம் பாட்டுப் பாடிக்கிட்டு வந்தேனே, எந்தத் திருடியாவது பாடிக்கிட்டு வருவாளா? ரெண்டாம் வருஷம் பெட்டியில ஓட்டை போட்டுக் குடுத்தாரு, படியில தண்ணி சொட்டட்டும்னு. மூணாம் வருஷம் நீ கொட்டாவி விட்டுக்கிட்டு நின்ன. உன் காலையே மிதிச்சேன்."

"அவரு சொல்லியா?"

"'மெதுவாப் போ, மாட்டிக்கோ'ன்னு சொன்னாரு. ஏன் ஐயான்னு கேட்டேன். 'அவன் ஜெயிச்சுப் பழகட்டும்'னாரு. எவ்வளவு நல்ல மனுஷன், ஒரு குடியானவன் சந்தோஷப்படறதுக்காகக் கயிறு திரிக்கிறாரேன்னு நான் நாலு பேர்கிட்ட சொன்னேன் தெரியுமா?"

அவள் என் எதிரில் உட்கார்ந்தாள். துடைப்பம் இன்னும் கையில் இருந்தது.

"தம்பி. இன்னைக்குப் பதினஞ்சு இல்ல?"

"ஆமா."

"கச்சேரியில என்ன சொல்லப்போறே?"

"தெரியல."

"ஓடு. இப்பவே போய்ச் சொல்லிடு. தடம் இருக்கறப்பவே சொல்லிடு. நீயா சொன்னா அடி குறையும்."

நான் ஓடவில்லை. நடந்தேன். முதல் ஆண்டுக் கள், இரண்டாம் ஆண்டுக் கயிறு, மூன்றாம் ஆண்டுத் தொப்பி. கிணற்றடியில் எனக்குப் பின்னால் கூவிக்கொண்டு வந்த மனிதர். அந்தக் குரலை மறுபடி கேட்டுப் பார்த்தேன். அதில் சந்தோஷம் இருந்தது போலத்தான் கேட்டது.

ஆட்டம் பொய்யாக இருக்கட்டும். தோற்றது பொய்யாக இருக்கட்டும். ஆனால் முள்ளங்கிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதது இருக்கிறது. தாயை இழந்த ஒருவன், நான்காண்டு அடைபட்டுக் கிடந்த ஒருவன், வீட்டுக்கு ஓடுகிறான். அதற்கு என்னை ஏமாற்ற வேண்டியிருந்தது. ஏமாற்றிவிட்டு, இன்றைக்கு முதல் பனி, மன்னித்துவிடு என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். வீடு வந்து சேர்வதற்குள் நான் பாதி மன்னித்திருந்தேன். மீதிப் பாதி முதுகில் விழப்போகும் அடியை எண்ணிக்கொண்டிருந்தது.

என் மனைவி வாசலில் நின்றாள். நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. படகுத்துறைப் பக்கம் என்று மட்டும் சொன்னேன். சாம்வோல் அக்கா சொன்னதையும் சொன்னேன்.



"வேணும்னே தோத்தாரா?" என்றாள்.

"ஆமா."

"என்கிட்ட ஆறு நாளாச் சொல்லிக்கிட்டிருந்தாரு. பனி விழற அன்னைக்கு உதவி பண்ணு, உதவி பண்ணுன்னு." பாவாடையை இழுத்துச் செருகினாள். "சரி. அழுத அழுகை நிஜம். நான் பார்த்தேன். அம்மா போன துக்கத்துல புத்தி கலங்கிடுச்சு, அவ்வளவுதான். கச்சேரியில அப்படியே சொல்லுங்க. கடுதாசியைக் காட்டலாம். அவங்களுக்கும் அம்மா இருப்பாங்க இல்ல?"

"எந்த வழியாப் போனாருன்னு கேட்பாங்க."

"கணவாய்க்குப் போனாரு, வரல. அதுக்கு மேல நமக்கென்ன தெரியும்? பனிச் சரிவுல விழுந்தாரோ என்னவோ. தேடட்டும். ரெண்டு நாள் தேடட்டும்."

ரெண்டு நாளில் அவர் ஆற்றைத் தாண்டிவிடுவார். அவள் அதைத்தான் சொல்கிறாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

அவள் பலகையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். எடுப்பதற்கு முன் ஒருமுறை கும்பிட்டாள். சுத்தமான துணியில் சுற்றினாள்.

"நானும் வர்றேன். கிண்ணத்தைக் கையில குடுத்தவ நான்."

கச்சேரி முற்றத்தில் பனியை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். எழுத்தர் நாம்குங் கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் பேரேட்டோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் பார்த்தார்.

"எங்கடா உன் ஆளு?"

நான் முழங்காலிட்டேன். என் மனைவியும் பக்கத்தில் முழங்காலிட்டாள்.

"நேத்துக் கணவாய்க்குப் போனாரு ஐயா. அம்மாவுக்குத் துக்கம் கும்பிட. நான்தான் விட்டேன். இன்னும் வரல."

"நீ விட்டியா?"

"பனி ஆட்டத்துல தோத்துட்டேன் ஐயா."

எழுத்தர் தூரிகையைக் கீழே வைத்தார். சிரிப்பாரா கத்துவாரா என்று அவருக்கே தெரியாதது போல இருந்தது.

"பனி ஆட்டத்துல தோத்தா கைதியை அவுத்து விடுவியா? என்கிட்ட தோத்தா உன் தலையைக் குடுப்பியா?"

"அம்மா செத்துட்டாங்க ஐயா" என்றாள் என் மனைவி. தலை நிமிராமல் சொன்னாள். "பெத்த பிள்ளை ஒரு கும்பிடு போடாம எப்படி இருப்பாரு? கடுதாசி இருக்கு. பாருங்க. எங்க வீட்டுக்காரரு பொய் சொல்லல."

துணியைப் பிரித்து இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

"கடுதாசியா? எனக்குத் தெரியாம எப்படி வந்துது?" என்றார். என் மனைவி கடிதத்தை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினாள். அவர் வாங்கி விரித்தார். படித்தார். கணப்பின் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் நகர்ந்து மறுபடி படித்தார்.

"யாரு செத்ததா சொன்னே?"

"ஐயாவோட அம்மா."

"இதுல யாரும் சாகலையே."

எங்களுக்குப் புரியவில்லை. எழுத்தர் வரிமேல் விரல் வைத்து எங்கள் பேச்சில் சொல்லிக்கொண்டே போனார்.

"தம்பி எழுதியிருக்கான். 'அம்மா சுகமா இருக்காங்க. புது அரிசிச் சோறு ரெண்டு கிண்ணம் சாப்பிட்டாங்க. முன்பல் ஒண்ணு விழுந்துடுச்சு, அதைக் கையில வெச்சுக்கிட்டு அவங்களே சிரிச்சாங்க. அண்ணன் இருக்கற மலையில குளிர் சீக்கிரம் வந்துடும்னு பஞ்சு வெச்சுக் காலுறை தைக்கிறாங்க. கண்ணு தெரியல, ஆனா வேற யாரையும் தைக்க விடமாட்டேங்கிறாங்க.' அவ்வளவுதான். கீழ தேதி."

முற்றத்தில் யாரோ பனியை வாரிக் கொட்டும் சத்தம் கேட்டது.

"திரும்பப் படிங்க ஐயா" என்றாள் என் மனைவி.

அவர் அவளை அதட்டியிருக்கலாம். அதட்டவில்லை. திரும்பப் படித்தார்.

"தினம் ரெண்டு தரம் விழுந்து கும்பிட்டேன்" என்றாள். என்னிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. "உயிரோட இருக்கறவங்களுக்குச் செத்தவங்க கும்பிடு போட்டிருக்கேன். இருபது நாளா. தன்னோட அம்மாவுக்கு நான் அதைப் போடறதை வாசல்ல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தாரு."

உயிரோடு இருப்பவருக்கு ஒரு கும்பிடு. இறந்தவருக்கு இரண்டு. நடக்கக் கற்ற குழந்தைக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்போம். தவறிப்போய் இரண்டாவது முறை குனிந்தால் தோளைப் பிடித்து இழுத்துவிடுவோம்.

கடிதத்தை க்வாக் ஐயா ஏன் எரிக்கவில்லை என்று நான் யோசித்தேன். பிறகு தெரிந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் படிக்கத் தெரியாது. அது எங்கே இருந்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

எழுத்தர் பேரேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நேத்து முதல் பனி" என்றார். "நேத்துச் சொன்ன பொய்யை நான் எழுதமாட்டேன். உள்ள இருக்கற பெரிய அதிகாரியும் கேட்கமாட்டாரு. வரேன்னு சொன்னாரு வரல, அது நேத்து. போகட்டும். இந்தச் சாவை எப்போ சொன்னாரு?"

"முள்ளங்கி பிடுங்கின அன்னைக்கு."

"அன்னைக்குப் பனி உண்டா?"

"இல்ல ஐயா. நல்ல வெயில்."

"அப்போ அது பொய்தான்."

தூரிகையை மையில் தோய்த்தார். என்னைப் பார்த்தார். கணவாய்க்குப் போனார் என்று நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். இன்றைக்கு முதல் பனி இல்லை. அதுவும் பொய்தான், என் பேரில்.

"சில்போங். உனக்கு அடி உண்டு. அது எப்படியும் உண்டு. எத்தனைங்கறதை நீ இப்போ சொல்லப்போறது தீர்மானிக்கும். எந்தப் பக்கம் போனாரு?"

அறுபது என் நினைவில் வந்தது. ஆனால் நான் அதற்காகச் சொல்லவில்லை.

"படகுத்துறைக்கு. மதியத்துக்கு மேல சாராயக்கடையைத் தாண்டினாரு."

"நேத்தே ஆத்தைத் தாண்டியிருப்பாரு."

"தாண்டியிருக்கமாட்டாரு. தண்ணின்னா பயம். சின்னப் படகுல ஏறமாட்டாரு. பெரிய உப்புப் படகு வர்றதுக்குக் காத்துக்கிட்டு இருப்பாரு, அது நாளைக்குத்தான் வரும்."

அவர் எழுதினார்.

"நடந்து மேல போயிருந்தா?"

"வலது முழங்கால் சரியில்ல. குளிர்ல வீங்கிக்கும். ராத்திரி நான்தான் ஒத்தடம் குடுத்துத் தேய்ச்சு விடுவேன். பனியில ஒரு நாளைக்கு ரெண்டு ஊரு தூரத்துக்கு மேல போகமுடியாது. மேட்டுல ஏறமாட்டாரு. ஆத்தங்கரையோடயே போவாரு."

"பேரு மாத்திச் சொல்லுவாரே."

"சொல்லுவாரு. ஆனா இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கு. வெட்கப்பட்டா அதைத் தொடுவாரு."

நான் நிறுத்தினேன்.  நான்கு ஆண்டுகள் ஒரு கூரைக்குக் கீழ் இருந்ததில் எனக்குத் தெரிந்தவை இவ்வளவுதான் என்று நினைத்தேன்.

"வேற?" என்றார் எழுத்தர்.

"அவ்வளவுதான் ஐயா."

"இல்ல" என்றாள் என் மனைவி.

எழுத்தர் தூரிகையோடு அவள் பக்கம் திரும்பினார். அவள் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தியிருந்தாள். கடிதம் சுற்றிவந்த துணியை நான்காக மடித்து மடியில் வைத்திருந்தாள்.

"இவருக்குத் தெரியாது. சோறு போட்டவ நான். வாற்கோதுமை அவருக்கு ஒத்துக்காது, வயிறு ஊதும். நாலு வருஷம் எங்க பங்கு அரிசியை அவருக்குத்தான் வடிச்சேன். ஏழை வீட்டுல தேடி நேரத்தை வீணாக்காதீங்க. ஆத்தங்கரையில அரிசி வடிக்கிற வீடு மூணோ நாலோதான் இருக்கும்."

எழுத்தர் எழுதினார். அவள் யோசித்தாள்.

"மதியம் சாப்பிட்டதும் படுத்துடுவாரு. உங்க ஆளுங்களை அப்போ போகச் சொல்லுங்க. சுவர்ப் பக்கம் திரும்பி, போர்வையை இழுத்து மூடிக்கிட்டுத்தான் படுப்பாரு. முகம் தெரியாது. ஒவ்வொருத்தரையா எழுப்பிப் பார்க்கச் சொல்லுங்க."